துருவில் விளைந்த பச்சை

ஹால்ஸ் கிரீக் ஊரைத் தாண்டி நெடுஞ்சாலையை விட்டுத் தெற்கே திரும்பினால் தனமி சாலை. பாலைவனத்தைக் குறுக்கே கடந்து, ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் போய் முடிகிறது. எங்களுக்கு அவ்வளவு தூரம் வேண்டியிருக்கவில்லை. ஊரிலிருந்து 150 கிலோமீட்டருக்குள், கிளைப் பாதை ஒன்றின் முடிவில், வுல்ஃப் கிரீக் விண்கல் பள்ளம் இருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் வடகிழக்கு மூலை அது. மே முதல் அக்டோபர் வரைதான் நம்பிப் போகலாம். மழைக்காலம் வந்தால் சாலை ஓடையாகிவிடும்.

ஓட்டியவன் தம்பி மகன். பெர்த்தில் ஒரு சுரங்கக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவன். நீள நீளமான லாரிகள் ஓடி ஓடி மண் குறுக்குவாட்டில் வரிவரியாக இறுகிப்போயிருந்தது. மெதுவாகப் போனால் பல் ஆடும். வேகமாகப் போனால் சக்கரம் வரிகளின் தலையை மட்டும் தொட்டுக்கொண்டு ஓடும், ஆனால் பிரேக் பிடிக்காது. இரண்டில் எது மேல் என்று அவன் கடைசி வரைக்கும் முடிவு செய்யவில்லை. இருபுறமும் ஸ்பினிஃபெக்ஸ் புல். பார்வைக்குத் தலையணை மாதிரி மெத்தென்று இருக்கும், தொட்டால் ஊசி. இடையிடையே கரையான் புற்றுகள். சிவப்பு மண்ணுக்கு முடிவே இல்லை.

"பெரியப்பா, நீங்க சொன்ன அந்தப் பச்சைக் கல்லை அங்கே பார்க்கலாமா?"

"பார்க்க முடியாதுப்பா. உருண்டை உருண்டையா துருப்பிடிச்ச கல்லு கிடக்கும். பச்சை அதுக்குள்ளே வெடிப்புல இருக்கும். உடைச்சு, லென்ஸ் வச்சுப் பார்க்கணும். உடைக்கக் கூடாது."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு தூரம் போறோம்?"

நியாயமான கேள்வி. அந்தக் கனிமத்தின் பெயர் கேஸிடியைட். கால்சியமும் நிக்கலும் சேர்ந்த பாஸ்பேட். கூடக் கொஞ்சம் மக்னீசியம், இரண்டு மூலக்கூறு நீர். 1967இல் இந்தப் பள்ளத்தின் விளிம்பில் எடுத்த துருக்கட்டிகளிலிருந்துதான் அது முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது. நகையாகாது, தாதுவாகாது, அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தாலும் யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்த எனக்கு, அந்தப் பொருளைவிட அது உண்டான இடத்தைப் பார்க்கத்தான் ஆசை. எந்த மண், எந்த வெயில், எவ்வளவு ஈரம் என்று.

ஹால்ஸ் கிரீக்கைப் பற்றி ஒரு வார்த்தை. மேற்கு ஆஸ்திரேலியாவின் முதல் தங்க வேட்டை 1885இல் இங்கேதான் தொடங்கியது. சில ஆண்டுகளில் தங்கம் தீர்ந்தது, கூட்டம் கலைந்தது. பழைய ஊரில் மண்கல் அஞ்சலகத்தின் சுவர்கள் மிச்சம் நிற்கின்றன. புதிய ஊரில் ரஷ்யன் ஜாக் என்பவருக்குச் சிலை. நோயில் விழுந்த கூட்டாளியை ஒற்றைச் சக்கர வண்டியில் உட்கார வைத்து முந்நூறு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போனவர் என்கிறார்கள். தங்கம் கண்டவருக்கு இல்லாமல் வண்டி தள்ளியவருக்குச் சிலை வைத்த ஊர் எனக்குப் பிடித்திருந்தது. வுல்ஃப் கிரீக் என்ற ஓடைக்குப் பெயர் கொடுத்த ராபர்ட் வுல்ஃபும் அந்தத் தங்கக் காலத்து ஆள்தான்.

பள்ளம் தூரத்திலிருந்து பள்ளமாகத் தெரிவதில்லை. சமவெளியில் ஓர் ஏரிக்கரை போட்டமாதிரி நீண்ட, தாழ்ந்த மேடு. ஆஸ்திரேலியாவில் இதைவிட உயரமான மேடுகளைக் காலையிலிருந்து கடந்து வந்திருந்தோம். வண்டியை நிறுத்திவிட்டுக் கற்கள் உருளும் சரிவில் ஏறினால், மேட்டின் தலையில் நின்ற அந்தக் கணத்தில்தான் மறுபக்கம் தரை இல்லை என்பது தெரிகிறது. ஏறத்தாழ 880 மீட்டர் விட்டமுள்ள வட்டம். விளிம்பு சுற்றியுள்ள சமவெளியைவிட 25 மீட்டர்தான் உயரம். உள்ளே தரை விளிம்பிலிருந்து 55 மீட்டருக்கும் கீழே. விழுந்தபோது இதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் ஆழம். காற்று கொண்டுவந்த மணல் நிரப்பி நிரப்பி இந்த அளவுக்கு ஆக்கியிருக்கிறது. இன்னும் நிரப்பிக்கொண்டுதான் இருக்கிறது.

விளிம்பில் நடந்தால் பாறையின் கிடை புரிகிறது. கீழே சமவெளியில் படுக்கையாக இருக்கிற மணற்கல் அடுக்குகள் இங்கே வெளிப்பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன. சில இடங்களில் புரண்டு தலைகீழாகவே கிடக்கின்றன. அடியிலிருந்த கல் மேலே, மேலிருந்த கல் அடியில். எரிமலை வாயாக இருந்தால் குழம்புக் கல் இருக்க வேண்டும். அப்படி ஒன்றும் இல்லை. உள்ளே நடுவில் வெளுத்த ஒரு திட்டு. அங்கே ஜிப்சம் படிந்திருக்கிறது. சுற்றிலும் முழங்கால் உயரப் புல் மட்டும் இருக்க, அந்த நடுப்பகுதியில் மட்டும் மரங்கள் நிற்கின்றன. கோடை மழையின் நீர் அங்கே இறங்கித் தங்குகிறது. வெளியே எங்கும் இல்லாத நிழல், குழிக்குள். இளஞ்சிவப்புக் கொண்டைக் காகட்டூக்கள் சத்தம் போட்டுக்கொண்டு அந்த மரங்களுக்குப் போய் வந்துகொண்டிருந்தன.

எங்களைத் தவிர விளிம்பில் இன்னொரு குடும்பம். அப்பா பிள்ளைகளுக்கு 2005இல் வந்த திகில் படத்தின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த ஓடையின் பெயரை ஓர் எழுத்துக் குறைத்துத் தலைப்பாக வைத்த, பயணிகளைக் கொல்கிற கதை. இந்தப் பள்ளத்தின் பெயர் உலகத்துக்குத் தெரிந்ததில் அந்தப் படத்துக்குப் பெரும் பங்கு என்பது விண்கல் ஆய்வாளர்களுக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கும்.

இந்த நிலத்துக்கு உரியவர்களான ஜாரு மக்கள் இதைக் கண்டிமலால் என்கிறார்கள். இரண்டு வானவில் பாம்புகள் இந்தச் சமவெளியில் ஊர்ந்து போன தடங்கள்தான் ஸ்டர்ட் ஓடையும் வுல்ஃப் ஓடையும். அவற்றில் ஒன்று தரைக்குள்ளிருந்து வெளியே வந்த இடம் இந்த வட்டம் என்பது ஒரு கதை. மாலை நட்சத்திரம் விழுந்த இடம் என்று சொல்லும் கதையும் அவர்களிடம் உண்டு. இரண்டாவது கதை எப்போது பிறந்தது, விஞ்ஞானிகள் வந்து போன பிறகா முன்பா என்று ஆராய்கிறவர்கள் உண்டு. எனக்கு முதல் கதையே போதுமானதாக இருந்தது. நடுவில் நீர் தங்கும் குழி, அதில் மரம், இருபுறமும் ஓடைகள். நிலத்தின் நீர்க்கணக்கு முழுக்க அந்தக் கதைக்குள் இருக்கிறது.

வெளியுலகம் இதைக் கண்டது 1947 ஜூனில். அமெரிக்க நிலவியலாளர் ஃபிராங்க் ரீவ்ஸ் எண்ணெய் தேடும் வேலையில் இருந்தார். வானிலிருந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டே பறந்தபோது வட்டம் கண்ணில் பட்டது. பிறகு தரைவழியாகவும் வந்து பார்த்தார். 1949இல் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த சால்மர்ஸுடன் சேர்ந்து கட்டுரை எழுதினார். எண்ணெய் தேடி வந்த மனிதரின் பெயர் கடைசியில் ஒரு விண்கல் பள்ளத்தோடும், அதில் கிடைத்த மஞ்சள் கனிமம் ஒன்றோடும் ஒட்டிக்கொண்டது. அதைப் பிறகு சொல்கிறேன். அவருடைய மகள் பெக்கி ரீவ்ஸ் சாண்டே பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் மானிடவியலாளர். அப்பா வானிலிருந்து பார்த்த இடத்துக்குப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு வந்து, ஜாரு ஓவியர்கள் இந்தப் பள்ளத்தை எப்படி வரைகிறார்கள் என்பதைப் பற்றி 2007இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். ஒரு குடும்பத்தில் இரண்டு பேர், ஒரே வட்டம், இரண்டு விதமான விசாரணை. அந்த ஓவியங்களில் பலவற்றிலும் பள்ளம் மேலிருந்து பார்த்த வட்டமாகவே இருக்கிறது என்பது எனக்கு வியப்பு. விமானம் ஏறாமலே.

விழுந்தது இரும்பு. அதில் நிக்கல் நூற்றுக்கு எட்டு ஒன்பது பங்கு. ஒரு காலத்தில் எங்கோ ஒரு சின்னக் கோள் உருகி, கனமான இரும்பும் நிக்கலும் நடுவுக்கு இறங்கி, பல பத்து லட்சம் ஆண்டுகள் மெல்லக் குளிர்ந்து, பிறகு மோதலில் உடைந்தது. அதன் கருவின் துண்டுதான் இது. நம் பூமிக்கும் அதேபோல் கரு இருக்கிறது. காலடியிலிருந்து 2,900 கிலோமீட்டர் கீழே. பூமியின் நிக்கலில் பெரும்பங்கு அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. மேலோட்டில் மிஞ்சியது பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு கோளின் கருவை நேரில் பார்க்க வேண்டும் என்றால் தோண்டிப் பயனில்லை, விழுவதற்குக் காத்திருக்க வேண்டும். இங்கே விழுந்தது.

2019இல் வெளியான ஆய்வு ஒன்றின்படி, அது 15 மீட்டர் அகலமும் 14,000 டன் எடையும் இருந்திருக்கலாம். நொடிக்கு 17 கிலோமீட்டர் வேகம். நாங்கள் வந்த பாதையை அது பத்து நொடிக்குள் கடந்திருக்கும். அந்த வேகத்தில் மோதுகிற இரும்பு இரும்பாக நிற்பதில்லை; பெரும்பகுதி ஆவியாகவும் உருகிய துளிகளாகவும் போய்விடும். மிச்சம் சிதறியது. உலோகமாகவே கிடைத்த சில துண்டுகள் பள்ளத்திலிருந்து ஏறத்தாழ 4 கிலோமீட்டர் தென்மேற்கே எடுக்கப்பட்டவை. விளிம்பின் வெளிச்சரிவில், அதுவும் தென்மேற்குப் பக்கமாக, கிடப்பவை வேறு வகை. ஷேல் உருண்டைகள் என்கிறார்கள். வெளியே உருண்டை, கறுத்த சிவப்பு, கனமான துரு. சில கைக்குள் அடங்கும். 250 கிலோ வரை எடையுள்ளவையும் கிடைத்திருக்கின்றன.

இங்கேதான் இடத்தின் குறும்பு. இந்தச் சமவெளி முழுவதும் மணற்கல்லுக்கு மேலே செம்புரைக்கல் போர்த்தியிருக்கிறது. மலபாரில் அறுத்தெடுத்து வீடு கட்டுகிறார்களே, அதே கல். மழையும் வெயிலும் மாறி மாறி அடித்து மண்ணிலிருந்து கரையக்கூடியதையெல்லாம் கழுவிவிட்டு, இரும்புத் துருவை மட்டும் இறுக்கி வைத்த கல். ஆக, பூமியின் துருவும் வானத்துத் துருவும் ஒரே சரிவில் ஒரே நிறத்தில் கிடக்கின்றன. சில உருண்டைகள் செம்புரைக்கல்லோடு ஒட்டி ஒன்றாகவே ஆகிவிட்டன. நான் குனிந்து குனிந்து பார்த்தேன். ஒரு கட்டி கனமாகத் தெரிந்தது, இன்னொன்று வட்டமாகத் தெரிந்தது. எது எது என்று கண்ணால் சொல்ல முடியாது. நிக்கல் இருக்கிறதா என்று சோதித்தால்தான் சொல்ல முடியும்.

"ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கலாமா?" என்றான் தம்பி மகன்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் விண்கல் யார் கண்டெடுத்தாலும் அரசுக்குச் சொந்தம். பெர்த்திலுள்ள அருங்காட்சியகத்தின் பொறுப்பில் சேரும். அவனுக்கு அது தெரியும். என் முகத்தைப் பார்க்கத்தான் கேட்டான்.

இனி அந்த உருண்டைக்குள்.

இரும்பு விண்கல்லின் உள்ளே வெறும் இரும்பும் நிக்கலும் மட்டும் இல்லை. அங்கங்கே வெள்ளி நிறத்தில், எளிதில் நொறுங்குகிற ஒரு பொருள் ஊடுருவிக் கிடக்கும். ஷ்ரைபர்ஸைட் என்று பெயர். இரும்பும் நிக்கலும் பாஸ்பரஸும் சேர்ந்த கூட்டு. சுற்றியிருக்கும் இரும்பைவிட இதில் நிக்கலின் விகிதம் அதிகம். பூமியின் மேற்பரப்பில் பாஸ்பரஸ் எப்போதும் ஆக்சிஜனைக் கட்டிக்கொண்டு பாஸ்பேட்டாகவே இருக்கும். எலும்பில், உரத்தில், அபடைட் கல்லில். ஆக்சிஜன் தொடாத பாஸ்பரஸ் இங்கே மிக அரிது. விண்கல் அதைத்தான் உள்ளே வைத்துக்கொண்டு வருகிறது. பூமியில் முதல் உயிருக்குத் தேவைப்பட்ட பாஸ்பரஸ், கல்லுக்குள் சிறைப்பட்ட அபடைட்டிலிருந்து கிடைத்ததைவிட, விண்கல்லின் ஷ்ரைபர்ஸைட் தண்ணீரோடு வினைபுரிந்ததால் கிடைத்திருக்கலாம் என்று மாத்யூ பாசெக்கும் டான்டே லாரெட்டாவும் 2005இல் எழுதினார்கள். பெரிய வாதம்; முடிவாகவில்லை. ஆனால் அதற்குப் பக்கத்து வினை ஒன்று இந்தச் சரிவில் நிஜமாகவே நடந்திருக்கிறது.

ஈரம் படுகிறது. இரும்பு முதலில் போகிறது. துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், அதனால் உருண்டைக்குள் வெடிப்புகள் விழுகின்றன. வெடிப்பு வழியே இன்னும் ஈரம். ஷ்ரைபர்ஸைட் பிடிவாதக்காரப் பொருள். சுற்றிலும் இரும்பு துருவாகிப் போன பிறகும் அது கொஞ்ச காலம் நிற்கும். கடைசியில் அதுவும் விட்டுக்கொடுக்கிறது. அப்போது நிக்கலும் பாஸ்பரஸும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வெளியே வருகின்றன. பாஸ்பரஸ் ஆக்சிஜன் ஏற்றுப் பாஸ்பேட் ஆகிறது. இரும்பு காற்றில் மேலும் ஆக்சிஜனேற்றமடைந்து, கரையாத துருவாக அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது. நிக்கலுக்கு அந்தப் போக்கு இல்லை. அது கரைந்த நிலையில் தண்ணீரோடு நகரும். மண்ணிலிருந்து இறங்கி வரும் நீரில் கால்சியமும் மக்னீசியமும் இருக்கின்றன. மக்னீசிய அயனியும் நிக்கல் அயனியும் ஏறத்தாழ ஒரே அளவு, படிகத்தில் ஒன்றின் நாற்காலியில் மற்றது தாராளமாக உட்காரும். வெடிப்பின் சுவரில் நீர் வற்றுகிறது. பச்சையாக ஒரு மெல்லிய பூச்சு, சின்னச் சின்னக் குமிழ்களாக மிஞ்சுகிறது.

நிக்கல் உப்பின் பச்சை எனக்கு நன்றாகத் தெரிந்த பச்சை. ஆய்வகத்தில் நிக்கல் சல்பேட் கரைசலை மாணவர்கள் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார்கள். அதைக் குடித்துப் பார்க்கலாமா என்று ஒவ்வோர் ஆண்டும் ஒருவனாவது கேட்பான்.

இந்தப் பச்சை உண்டாவதற்கு ஈரம் வேண்டும். ஆனால் நிறைய இருக்கக் கூடாது. மழை ஓயாத ஊராக இருந்தால் நிக்கல் எல்லாம் கழுவிக்கொண்டு போயிருக்கும். மழையே இல்லாத இடமாக இருந்தால் இரும்பு இரும்பாகவே கிடந்திருக்கும். இங்கே டிசம்பர் முதல் மார்ச் வரை கொஞ்ச நாள் கொட்டும். மிச்ச மாதங்களில் வெயில் வாங்கும். நனைவதும் காய்வதும் ஆயிரக்கணக்கான முறை. அந்த ஊர்வாசிகளுக்குச் சலிப்பூட்டுகிற தட்பவெப்பம்தான் கேஸிடியைட்டைச் செய்த தட்பவெப்பம்.

வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் ஒயிட், எட்வர்ட் ஹெண்டர்சன், பிரையன் மேசன் மூவரும் இந்த உருண்டைகளை ஆராய்ந்து 1967இல் அமெரிக்கக் கனிமவியல் இதழில் எழுதினார்கள். துருவுக்குள் அவர்கள் பார்த்தது ஒரு சின்னக் கனிமச் சந்தையே. கோதைட், மேக்ஹீமைட், ஜாரோசைட், அபடைட், லிப்ஸ்கோம்பைட். அவற்றோடு அதுவரை பெயரில்லாத இரண்டு. ஒன்று மஞ்சள், நிக்கலும் இரும்பும் சேர்ந்த கார்பனேட். அதற்குப் பள்ளத்தைக் கண்ட ரீவ்ஸின் பெயரால் ரீவ்ஸைட். இன்னொன்று பச்சை. அதன் கட்டமைப்பு கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து 1927இல் விவரிக்கப்பட்ட காலின்சைட் என்ற கனிமத்தை ஒத்தது. அங்கே மக்னீசியம் இருந்த இடத்தில் இங்கே நிக்கல். அதுவரை இயற்கையில் நிக்கல் பாஸ்பேட்டுகளைத் தேடினால் கையில் சிக்குவது கொஞ்சம்தான். நிக்கலுக்குப் பூமியில் வழக்கமான துணை கந்தகம். கந்தகம் இல்லாவிட்டால் சிலிக்கேட், ஆர்சனிக். பாஸ்பேட்டுக்கு வழக்கமான துணை கால்சியமும் இரும்பும். இரண்டும் ஒரே வெடிப்பில் சந்திக்க யாராவது ஏற்பாடு செய்தாக வேண்டும்.

இன்னொரு ஏற்பாடு பிரேசிலில் நடந்தது. 1875இல் சாந்தா கத்தாரினா மாநிலத்தில், கடலோரத் தீவான சாவ் பிரான்சிஸ்கோ டோ சுல்லில் இரும்பு விண்கல் ஒன்று கிடைத்தது. நிக்கல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். நிக்கல் தாது என்று டன் கணக்கில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏற்றி உருக்கிவிட்டார்கள். தப்பிய துண்டுகளின் துருவிலிருந்து டென்மார்க்கின் வாகன் புக்வால்ட் 1990இல் இன்னொரு நிக்கல் பாஸ்பேட்டைக் கண்டறிந்தார். அது நீலம். ஆருபைட் என்று பெயர், ஹான்ஸ் ஆருப் என்ற டேனிஷ் அரிமான வல்லுநரின் நினைவாக. துருவை ஆராய்வதையே தொழிலாகக் கொண்டவருக்குத் துருவில் பிறந்த கல். பெயர் வைப்பதில் இவ்வளவு பொருத்தம் அபூர்வம்.

கேஸிடியைட்டின் பெயரில் அந்தப் பொருத்தம் இல்லை, வேறொன்று இருக்கிறது. வில்லியம் கேஸிடி பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்து நிலவியலாளர். 1960களில் அர்ஜென்டினாவின் காம்போ டெல் சியேலோ சமவெளியில் விண்கல் பள்ளங்களைத் தோண்டிக்கொண்டிருந்தார். அந்த வேலைக்காகத்தான் 1967இல் பெயர் வைத்தார்கள். உலகம் அவரை இன்று நினைவில் வைத்திருப்பது அதற்குப் பிறகு செய்ததற்காக. 1969இல் ஜப்பானியர்கள் அண்டார்க்டிகாவின் யமாட்டோ மலையருகே வெறும் பனிப்பரப்பில் ஒன்பது விண்கற்களை எடுத்தார்கள். அவை வெவ்வேறு வகையைச் சேர்ந்தவை. ஒரே இடத்தில் வெவ்வேறு வகை என்றால் அவை ஒன்றாக விழுந்தவை அல்ல, பனி நகர்ந்து நகர்ந்து கொண்டுவந்து சேர்த்தவை என்று கேஸிடி புரிந்துகொண்டார். அவருடைய திட்டத்துக்கு முதலில் பணம் மறுக்கப்பட்டது. 1976இல் அமெரிக்கக் குழு கிளம்பியது. அன்றிலிருந்து அந்தக் குழு எடுத்தவை இருபதாயிரத்துக்கும் மேல். நிலவிலிருந்து வந்த கல் என்று முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது அவர்கள் 1982இல் ஆலன் ஹில்ஸில் எடுத்ததுதான். 2020இல் கேஸிடி இறந்தார்.

அண்டார்க்டிகா விண்கற்களுக்கு மதிப்பு வந்ததே அவை குளிரில், வறண்ட பனியில், அதிகம் கெடாமல் இருப்பதால்தான். அவர் பெயரைத் தாங்கிய கனிமமோ, கெட்டுப்போன விண்கல்லில் உண்டானது. பெயர் வைத்த மூவருக்கும் இது தெரிந்திருக்க வழியில்லை.

விளிம்பில் அமர்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டே நான் மனத்துக்குள் போட்ட கணக்கு வேறு. பள்ளத்தின் வயது மூன்று லட்சம் ஆண்டு என்றுதான் நெடுநாள் புத்தகங்களில் இருந்தது. வொல்லொங்காங் பல்கலைக்கழகத்தின் டிம் பாரோஸும் கூட்டாளிகளும் விளிம்புப் பாறையின் குவார்ட்ஸில் விண்கதிர்கள் உண்டாக்கிய பெரிலியம், அலுமினியம் அணுக்களை அளந்தார்கள். பள்ளம் உண்டான பிறகு வந்து படிந்த மணலின் வயதையும் தனியே பார்த்தார்கள். இரண்டும் ஒன்றரை லட்சத்துக்குக் கீழே, 1,20,000 ஆண்டு என்று காட்டின. 2019இல் வந்த முடிவு இது. பள்ளத்தைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் இதை மோதலின் வயதாகத்தான் பார்த்தார்கள். எனக்கு அது துருவின் வயது. டன் கணக்கில் இரும்பு கல்லாக மாறுவதற்கும், ஷ்ரைபர்ஸைட் அவிழ்வதற்கும், பச்சை படிவதற்கும் நாம் நினைத்ததில் பாதி நேரம்கூட ஆகவில்லை. மோதல் சில நொடி. மனிதர்கள் கார் ஏறிப் பார்க்க வருவது அந்தச் சில நொடியின் தடத்தைத்தான். பூமி அதிலிருந்து புதிதாகச் செய்தது மட்டும் அதற்குப் பிறகு, யாரும் பார்க்காமல், மழைக்கு மழை கொஞ்சமாக.

வெயில் சாய்வதற்குள் கிளம்ப வேண்டும் என்றான் அவன். இருட்டில் தனமி சாலையில் கங்காருவும் மாடும் குறுக்கே வரும். பெரிய சிவப்புக் கங்காரு ஒன்று வண்டிக்குச் சற்று முன்னால் நின்று எங்களைப் பார்த்துவிட்டு, அவசரப்படாமல் புல்லுக்குள் போனது. ஹால்ஸ் கிரீக்கில் அறைக்குத் திரும்பியபோது காது, மூக்கு, கைப்பேசியின் சார்ஜர் துளை எங்கும் செம்மண்.

மறுநாள் வடக்கே குனுனுரா நோக்கிப் போகையில் நூறு கிலோமீட்டர் தாண்டியதும் அவன் வேகத்தைக் குறைத்தான். இடப்பக்கமா வலப்பக்கமா என்று பார்த்துக்கொண்டே, "இங்கே எங்கேயோதான் பெரியப்பா, சவானா சுரங்கம். இதுவும் நிக்கல்தான்" என்றான். பூமியின் சொந்த நிக்கல். ஏறத்தாழ 184 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழத்திலிருந்து குழம்பாக ஏறி வந்து, வழியில் கந்தகத்தோடு சேர்ந்து கனத்து, அடியில் தங்கிய தாது. 2004இல் வெட்டத் தொடங்கினார்கள். 2016இல் விலை விழுந்தது, மூடினார்கள். 2018இல் திறந்து 2020இல் மூடி, 2021இல் திறந்து, 2024 தொடக்கத்தில் மறுபடியும் மூடினார்கள். திறந்திருந்த காலங்களில் அடர்த்தியாக்கிய தாதுவை லாரி லாரியாக இதே நெடுஞ்சாலை வழியே விண்டம் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்ச் சீனாவுக்கு அனுப்பினார்கள். அந்த ஏற்ற இறக்கங்கள் ஒவ்வொன்றும் அவனுக்கு மாதவாரியாகத் தெரியும். அவனுடைய தொழில் அது. இந்தோனேசியாவிலிருந்து மலிவான நிக்கல் வந்து குவிந்ததால் மேற்கு ஆஸ்திரேலியாவில் எத்தனை சுரங்கங்கள் நின்றன, பெர்த்தில் யார் யாருக்கு வேலை போனது என்று வார்மன் பெட்ரோல் நிலையம் வரை சொல்லிக்கொண்டே வந்தான். நான் டன்னுக்கு என்ன விலை என்று கேட்டேன். சொன்னான். பிறகு, கேஸிடியைட்டில் நூற்றுக்கு எத்தனை நிக்கல் என்று அவன் கேட்டான். தூய்மையாக இருந்தால் ஏறக்குறைய பதினாறு என்றேன்.

"இங்கே வெட்டினது நூத்துக்கு ஒண்ணு ஒண்ணரைதான் பெரியப்பா," என்றான். பதினாறு சதவீதத் தாது எத்தனை டன் இருக்கும் என்று அடுத்த கேள்வி.